இரண்டு இளமஞ்சள்களில் எதை அறைக்கு எடுப்பது?

தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் பூச நினைக்கும்போது, ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு இளமஞ்சள்கள்தாம் நம்மை அதிகம் அலைக்கழிக்கின்றன. கடையின் குழல் விளக்கடியில், நகமளவு சதுரத்தைப் பார்த்து அங்கேயே முடிவெடுக்காதீர்கள்.

முதலில் இரண்டு வண்ணத் துண்டுகளையும் வெள்ளைத் தாளின் மேல் அருகருகே வையுங்கள். தனித்தனியே வெறும் மஞ்சளாகத் தெரிந்தவற்றில் ஒன்று எலுமிச்சைபோலப் பச்சைப் பக்கமும், மற்றது வெண்ணெய்போலச் செம்மைப் பக்கமும் சாய்வது அப்போதுதான் புலப்படும். தேர்வு அந்தச் சாயலில்தான் இருக்கிறது.

அடுத்து, மாதிரிக்குச் சிறு டப்பாக்களை வாங்கி, இரண்டு ஏ3 அட்டைகளில், ஓரங்களில் வெள்ளை விட்டு, இரண்டு பூச்சு பூசுங்கள். சுவரில் நேரடியாகப் பூசினால் பழைய நிறம் கண்ணைக் குழப்பும். ஈரச் சாயத்தின் நிறமும் காய்ந்த சாயத்தின் நிறமும் ஒன்றல்ல. பினாங்கின் ஈரக்காற்றில் ஒரு முழு நாளாவது காயவிடுங்கள்.

வடக்கு நோக்கிய அறைக்கு வெயிலே வராது என்று குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்வதை இங்கே நம்ப வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 பாகையில் இருப்பதால், ஜூனில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தும் டிசம்பரில் தெற்கிலிருந்தும் சாய்கிறது. சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. என் அம்மாவின் அறைச் சன்னலை ஒட்டி மாமரம் நிற்கிறது. இலைகளில் பட்டு வரும் ஒளியில் எலுமிச்சைச் சாயல் அட்டை, நோயாளியின் முகம்போல வெளிறிப் பச்சையாகத் தெரிந்தது. வெண்ணெய்ச் சாயல் அட்டையோ மழை மூட்டத்திலும் இதமாகவே இருந்தது.

அட்டைகளைக் காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளையும், சுவருக்குச் சுவர் மாற்றி வைத்துப் பாருங்கள். இரவில் 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை விளக்கு மஞ்சளைக் குளிர வைக்கும், 3000 கெல்வின் விளக்கு அதையே பொன்னிறமாக்கும் என்பதால், அன்றாடம் எரியும் விளக்கிலேயே சோதியுங்கள். அறையின் மூலையையும் மறக்கக்கூடாது. நான்கு சுவர்களும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மேல் வீசுவதால், அட்டையில் மெல்லியதாக இருந்த மஞ்சள் அறை முழுதும் பூசியபின் அடர்ந்துவிடும். ஆகவே சாயல் ஒன்றாக இருந்து அடர்த்தி மட்டும் வேறுபட்டால், வெளிர்ந்ததையே எடுங்கள்.

முடிவானதும் நிறத்தின் எண்ணை அட்டையின் பின்புறம் எழுதிவைத்து, அறைக்குத் தேவையான சாயம் முழுவதையும் ஒரே நாளில் கலந்து வாங்குங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டப்பாக்கள் இருந்தால், பூசுமுன் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள்.