முறுக்குச் சுற்றும் கை மதமதத்தால்

காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சீருக்குப் பலகாரம் சுடுவது எனக்கு 22 வருட வேலை. கைமுறுக்கு, தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை எல்லாம் இந்தக் கையால்தான். ஆறு வருடம் முன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு வலது கை மதமதவென்று மரத்து எழுப்பிவிடும். எழுந்து உதறினால் அடங்கும். பலகாரம் வாங்க வந்த ஆச்சி ஒருவர், “வாயுவா இருக்கும் ஆத்தா, பூண்டைச் சுட்டுத் தின்னு” என்றார். தின்றேன், தைலமும் தேய்த்தேன். இரண்டு வருடம் அப்படியே போய்விட்டது. என்னோடு அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு அந்த இரண்டு வருடம் வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சுண்டுவிரலைப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால் அது பெரும்பாலும் கார்பல் டனல், அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கோளாறுதான். சுண்டுவிரல்தான் மரக்கிறது என்றால் முழங்கைப் பக்கத்து நரம்பாக இருக்கலாம். கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்தையும் காட்ட வேண்டும். இன்னொரு சோதனை: இரண்டு புறங்கையையும் ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வையுங்கள். அதற்குள் கட்டைவிரல் முதல் மோதிரவிரல் வரை ஊசி குத்துவது போல் இருந்தால் டாக்டரிடம் போங்கள். நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்கும் டெஸ்ட் எடுத்து உறுதி செய்வார்கள்.

நம் வீடுகளில் முகப்பிலிருந்து வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்குப் போகும் குறுகலான நடையை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் மேலே ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே அப்படி ஒரு வழி. விரலை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதில் போகின்றன. உள்ளே வீங்கினால் நசுங்குவது நரம்பு.

அழுத்திச் செய்யும் வேலை வீக்கத்தைக் கூட்டும். முறுக்குப் பிழியும் நாழியை உள்ளங்கை அடியால் அமுக்குவதுதான் காரணம் என்று நானும் நம்பினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது தைராய்டு குறைவாக இருந்தது. அதனால் சர்க்கரையும் தைராய்டும் கட்டாயம் பாருங்கள். முடக்குவாதம், உடல் பருமன், பழைய மணிக்கட்டு முறிவு, கர்ப்பம் இவற்றாலும் வரும். கர்ப்பத்தில் வந்தது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் அடங்கிவிடும்.

ஆரம்பத்திலேயே பிடித்தால் ராத்திரி மணிக்கட்டில் போடும் பெல்ட்தான் முதல் வைத்தியம். நான் முதலில் சாதாரணத் துணிக்கட்டை இறுக்கிக் கட்டினேன், மரப்பு கூடியது. தகடு வைத்த பெல்ட் வாங்குங்கள். பல பெல்ட்டுகளில் தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை நிமிர்த்தித் தரச் சொல்லுங்கள், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகப் போட்டு, ஆறு வாரம் ஒரு ராத்திரி விடாமல் தூங்குங்கள். என் இடது கை இதிலேயே சரியானது.

மாவைக் கெட்டியாகப் பிசையாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை கையை விட்டு விரல்களை மடக்கி நீட்டுங்கள். கைப்பிடியைச் சுற்றிப் பிழியும் முறுக்கு அச்சு வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், காசு அதற்குப் போவது நல்லது.

பெல்ட்டில் அடங்காவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சில வாரமோ சில மாதமோ நிம்மதி தரும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டைவிரல் அடிமேட்டில் சதை வற்றினாலோ, டம்ளர் கைநழுவினாலோ இனி தள்ளிப்போடக் கூடாது. எனக்கு வலது கையில் சதை வற்றத் தொடங்கிய பிறகுதான் ஆபரேஷன் நடந்தது. கையை மட்டும் மரக்கவைத்து அந்தப் பட்டையை வெட்டிவிடுவார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். முதல் நாளிலிருந்தே விரல்களை அசைக்க வேண்டும். ராத்திரி வலி அந்த வாரமே போய்விட்டது. பிடிபலம் திரும்ப மாதக்கணக்கானது, உள்ளங்கை அடியை அமுக்கினால் நாலு மாதம் வலித்தது. விரல்நுனி மரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கைமுறுக்கின் முறுக்கலை இப்போது இடது கையால் சுற்றுகிறேன்.