பட்டர்ஃபிளை மில்க்வீட்: விதையிலிருந்து வளர்ப்பது எப்படி

அமெரிக்காவின் இலினாய், விஸ்கான்சின் மாநிலங்களின் பக்கத்துப் புல்வெளிகளில் தானாக வளரும் ஆரஞ்சு நிறப் பூச்செடி இது. நம்ம எருக்குக்கு உறவுதான், காய் வெடித்துப் பஞ்சோடு விதை பறப்பதைப் பார்த்தாலே தெரியும், ஆனால் தண்டை ஒடித்தால் பால் வராது.

நாள் முழுக்க வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் போதும், உரம் வேண்டவே வேண்டாம். விதைக்குக் குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும், அதனால் நவம்பரில் மண்ணிலேயே தூவி லேசாக மூடிவிடுங்கள், மீதியைப் பனிக்காலம் பார்த்துக்கொள்ளும். அதற்கு வழியில்லையென்றால் ஈர மணலில் கலந்து ஃபிரிட்ஜில் (ஃபிரீசரில் அல்ல) 30 நாளாவது வைத்து, அப்புறம் விதையுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி, வளர்ந்தபின் இடம் மாற்றினால் பெரும்பாலும் பிழைக்காது.

முதல் வருஷமே பூவை எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, வசந்தத்தில் மற்றதெல்லாம் துளிர்த்த பிறகுதான் இது மெதுவாக எழும், செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டிப் போடுபவர்கள் நிறைய, பக்கத்தில் ஒரு குச்சியை அடையாளமாக நட்டு வையுங்கள்.

இலையில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி போட்ட புழு தெரிந்தால் அது மோனார்க் பட்டாம்பூச்சியின் குஞ்சு. இலையெல்லாம் தின்றாலும் தின்னட்டும், மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள்!