சிறிய பவளத்தொட்டி: தண்ணீர் ஊற்றும் முன் போட வேண்டிய கணக்கு

முதல் கடல்நீர்த் தொட்டிக்கு 20, 30 லிட்டர் போதும் என்று தோன்றும். இடமும் செலவும் மிச்சமாகும்தான். வேலை மட்டும் கூடும். தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பளவுள்ள 20 லிட்டரில் ஒரு லிட்டர் குறைந்தால் உப்பு 36.8-க்கு ஏறிவிடும். 80 லிட்டரில் அதே ஒரு லிட்டர் குறைந்தால் 35.4தான். பவளம் 34-லும் வாழும், 36-லும் வாழும். தினம் ஏறி இறங்குவதைத்தான் அதனால் தாங்க முடியாது. ஆகவே 60 × 40 × 40 செ.மீ. அளவுக்குக் கீழே போகாதீர்கள். கொள்ளளவு 96 லிட்டர். பாறையும் மணலும் போக ஏறத்தாழ 80 லிட்டர் நீர் நிற்கும். ஸ்டாண்டோடு சேர்த்து எடை 130 கிலோவைத் தாண்டும் என்பதால், தரை மட்டமாக இருக்கிறதா என்று முதலிலேயே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நேரடி வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம்.

குழாய்த் தண்ணீரை இந்தத் தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் இருந்தால் பாசி கொழிக்கும். செம்பு இருந்தால் இறாலும் நத்தையும் சாகும். ஆர்.ஓ.வோடு, மிச்ச அயனிகளையும் பிடிக்கும் டி.ஐ. பிசினும் சேர்ந்த வடிகட்டியில் எடுத்து, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் நீர்தான் தேவை. உப்பு கலக்கும்போது வாளியில் நீரைச் சுழலவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின் மேல் நீரை ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் இணைந்து வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். அது திரும்பக் கரையாது. லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் பிடிக்கும், உப்பின் ஈரத்தைப் பொறுத்து மாறும். உப்பளவை அளப்பதற்கு, ஒளி விலகலை வைத்துக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதை 35 பி.பி.டி. அளவீட்டுக் கரைசலால் சரிசெய்யுங்கள்; வெறும் நீரால் பூஜ்ஜியத்தில் நிறுத்தினால் மேல்முனையில் பிழை தெரியாமலே போகலாம்.

ஆவியான நீரை ஈடுகட்ட, சென்சார் வைத்து நன்னீர் நிரப்பும் தானியங்கிக் கருவி ஒன்று அவசியம். அலங்கார விளக்கைக் குறைத்துக்கொண்டாவது இதை வாங்கலாம். அதன் நீர்க்கலன் 5 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சார் சிக்கி முழுவதும் கொட்டினாலும் உப்பளவு 33-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். 20 லிட்டர்க் கலன் என்றால் 28-க்கு இறங்கி எல்லாம் போய்விடும். கலனைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். குழாய் முனை நீருக்கு மேலே நிற்கட்டும். நீருக்குள் மூழ்கினால் மோட்டார் நின்ற பிறகு தொட்டி நீர் பின்னோக்கி இழுக்கப்பட்டுத் தரைக்கு வந்துவிடும்.

வெப்பநிலை 25, 26 டிகிரி. 100 வாட் ஹீட்டர் போதும், ஆனால் தனிக் கன்ட்ரோலர் வழியாக இணையுங்கள். ஹீட்டர் பழுதாகும்போது அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதும் உண்டு. ஒரே இரவில் தொட்டி கொதிநிலைக்குப் போகாவிட்டாலும் உயிர்கள் மிஞ்சாது. சூடான அறையில் நீர்ப்பரப்பின் மேல் விசிறி வைத்தால் 2, 3 டிகிரி குறையும், ஆவியாவது கூடும். அதற்கு மேல் சூடு என்றால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிதான். நீரோட்டத்துக்கான பம்ப், மென்பவளங்களுக்கு (கல் போன்ற எலும்புக்கூடு இல்லாதவை) மணிக்கு 1500 முதல் 2000 லிட்டர் தள்ளினால் போதும். வாரம் 10 சதவீதம் நீர் மாற்றுவதாக இருந்தால் இந்த அளவுக்கு, நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கட்டாயமில்லை. எல்லா மின்கம்பியும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்னைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. சுவிட்சும் இருக்க வேண்டும்.

பாறை 8, 9 கிலோ. மணலுக்கு முன்னால் பாறையைக் கண்ணாடித் தளத்தில் நேராக அமர்த்துங்கள். மணல்மேல் வைத்தால், குழி தோண்டும் மீன் அடியைப் பறித்துக் கவிழ்த்துவிடும். சுற்றிலும் 7 செ.மீ. இடைவெளி விட்டால்தான் கண்ணாடியைத் துடைக்கக் கை போகும். பிறகு அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல் 2 முதல் 3 செ.மீ.

இனி காத்திருப்பு. மீன் கழிவின் நச்சு அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா முதலில் தொட்டியில் பெருக வேண்டும். உயிர் மீனை விட்டுத் தொட்டியைப் பழக்குவது கொடுமை, தேவையும் இல்லை. அம்மோனியம் குளோரைடால் அம்மோனியாவை 2 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 2 பங்கு) கொண்டுவந்து, புட்டி பாக்டீரியா சேர்த்து, விளக்கை அணைத்தே வையுங்கள். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகும். பொதுவாக 3 முதல் 6 வாரம் ஆகும். மறுபடி 2 பி.பி.எம். கொடுத்து 24 மணி நேரத்தில் அம்மோனியா பூஜ்ஜியமானால் தயார். இடையில் நைட்ரேட் சோதனை தாறுமாறாக உயர்வது நைட்ரைட் இருப்பதால், பதற வேண்டாம்.

விளக்கு போட்டதும் மணலில் பழுப்புத் தூள் படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போகும். குமிழி தாங்கிய பழுப்பு நார் தொங்கினால் அது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒற்றைச்செல் உயிர். இந்த இடத்தில்தான் பலர் தவறான திசையில் போகிறார்கள்: பாசி என்று நினைத்து பாஸ்பேட் உறிஞ்சியைக் கூட்டுகிறார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியமாவதுதான் பெரும்பாலும் அதற்கு வழி திறக்கிறது. நைட்ரேட் 5–10, பாஸ்பேட் 0.03–0.1 பி.பி.எம். இருக்கட்டும். விளக்கை 30, 40 சதவீதத்தில், 8 மணி நேரத்தோடு தொடங்குங்கள்.

மீன்கள்: ஆஸெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி, ஒரு சிறிய கோபி. அவ்வளவுதான். நீல டாங் 30 செ.மீ. வரை வளரும். மாண்டரின் மீனுக்குத் தேவையான கோப்பிபாட் போன்ற மிகச் சிறிய ஓட்டுயிர் இரை சிறு தொட்டியில் பெருகாது. கடல் சாமந்தியை (அனிமோன்) ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். புது மீனைத் தனித்தொட்டியில் நான்கு வாரமாவது வைத்து, நோய் இருக்கிறதா என்று பாருங்கள். செம்பு மருந்தையும் அங்கேதான் கொடுக்க வேண்டும், பவளத்தொட்டியில் ஒருபோதும் இல்லை.

பவளங்களில் காளான் பவளம், சோவாந்தஸ் நல்ல தொடக்கம். பச்சை ஸ்டார் பாலிப்பைத் தனிக் கல்லில் ஒதுக்குங்கள். விட்டால் எல்லாப் பாறையையும் மூடிவிடும். சோவாந்தஸ் இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அது ஒட்டிய பாறையைக் கொதிக்க வைக்கவோ, சுடுநீரில் தேய்க்கவோ கூடாது. ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

வாரம் 8 லிட்டர் நீர் மாற்றும்போது புது நீரின் உப்பும் வெப்பமும் தொட்டியோடு பொருந்த வேண்டும். அதே நாளில் காரத்தன்மையைச் சோதியுங்கள், 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு) இருக்க வேண்டும். கல் பவளம் (சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் வகை) சேர்த்த பிறகு நீர் மாற்றியும் அது வாராவாரம் இறங்கினால், பவளம் வளர்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் கால்சியம், காரத்தன்மைக் கரைசல்களைத் தினம் சொட்டும் பம்ப் வாங்கும் நேரம்.