போல்மில்லுக்கு குண்டும் ஜாரும் எடுக்கிறது எப்பிடி

போல்மில் எண்டா ஜாருக்குள்ள குண்டையும் சாம்பிளையும் போட்டுச் சுத்தி பவுடராக்கிற மெஷின். வந்தாறுமூலை கம்பஸ்லயோ சம்மாந்துறை கம்பஸ்லயோ ப்ரொஜெக்ட் செய்யிற பிள்ளையள் கூடுதலா கேக்கிறது எது கெதியா அரைக்கும் எண்டுதான், ஆனா அதுக்கு முதல் உங்கட சாம்பிள்ல என்னத்த அளக்கப்போறீங்க எண்டு பாருங்க, ஏனெண்டா குண்டும் ஜாரும் தேயும், தேஞ்சதெல்லாம் பவுடருக்குள்ளதான் போகும்.

வாவிச் சேத்துல இரும்பு, குரோமியம் பாக்கிற எண்டா ஸ்டீல் பக்கமே போக வேணாம். டங்ஸ்டன் கார்பைட் நல்ல பாரம், அடி பலமா விழும், ஆனா அத ஒட்டிப்பிடிச்சு வச்சிருக்கிறது கூடுதலா கோபால்ட்தான், அதையும் கணக்குல எடுங்க. களிமண்ணுல அலுமினியம் பாக்கிறவங்களுக்கு அலுமினா, அதாவது அலுமினியம் ஒக்சைட், சரிவராது.

உமிச்சாம்பல் செய்யிறவங்க இத கட்டாயம் கவனிக்கணும். அம்பாறைப் பக்கம் உமிக்குப் பஞ்சமில்ல, அதால கனபேர் சிலிக்கா எடுக்கிறாங்க. 700 பாகை செல்சியஸுக்குக் கீழ எரிச்ச சாம்பல்ல சிலிக்கா பெரும்பாலும் படிகமாகாமத்தான் இருக்கும், அத அகேட் கல்லுல செஞ்ச ஜார்ல போட்டு நேரங்கணக்கா அரைச்சீங்களெண்டா, அகேட்டும் நுண்ணிய குவார்ட்ஸ்தானே, எக்ஸ்ஆர்டில (எக்ஸ்கதிர் அடிச்சு படிகம் இருக்கா எண்டு பாக்கிற டெஸ்ட்) 26.6 பாகைக் கோணத்தடியில சின்னப் பீக் ஒண்டு எழும்பும், நீங்க சாம்பல்தான் படிகமாயிட்டு எண்டு எழுதிருவீங்க. இதுக்கு சிர்கோனியா (சிர்கோனியம் ஒக்சைட் செரமிக்) தான் நல்லம். ஒரு செட்டுக்குத்தான் காசு கிடக்கு எண்டாலும் நான் சிர்கோனியாதான் எடுக்கச் சொல்லுவன், தேய்மானம் குறைவு, பாரமும் இருக்கு. ஒரு கன சென்டிமீட்டருக்கு அகேட் 2.6 கிராம், அலுமினா 3.8, சிர்கோனியா 6 அளவில, ஸ்டீல் 7.8, டங்ஸ்டன் கார்பைட் 15 கிட்ட வரும்.

குண்டும் ஜாரும் ஒரே சாமானா இருக்கணும். கடினமான குண்ட மெதுவான ஜாருக்குள்ள போட்டா ஜாரத் திண்டுரும்.

சைஸுக்கு, சாம்பிள்ல இருக்கிற பெரிய கட்டியப் போல மூணு மடங்கு குண்டு. 5 மில்லிமீட்டர் மண்கட்டிக்கு 15, இல்லாட்டி 20. நல்ல நைஸா வேணுமெண்டா முதல் பெரிய குண்டுல அரைச்சு மறுகா 3 மில்லிமீட்டர் குண்டுக்கு மாத்துங்க, எடுத்த உடனே சின்னக் குண்டு போட்டா கட்டி உடையாது. ஜார்ல மூணுல ஒரு பங்கு குண்டு, ஒரு பங்கு சாம்பிள், மிச்சம் வெறுமையா விடணும், குண்டு பாஞ்சு அடிக்க இடம் வேணுமே. சாம்பிள் இல்லாம வெறுங்குண்ட மட்டும் ஓட விடவே வேணாம். எதனோல் ஊத்தி அரைச்சா உள்ளுக்குப் பிரஷர் ஏறும், ஜார் ஆறாம மூடியத் திறக்க வேணாம்.

அரைக்க முதலும் பிறகும் குண்டுகளக் கழுவிக் காயவச்சு தராசுல நிறுத்துப் பாருங்க. 20 கிராம் சாம்பிளுக்கு குண்டு 0.1 கிராம் குறைஞ்சிருந்தா உங்கட பவுடர்ல 0.5 வீதமளவு குண்டுதான், ஜார் தேஞ்சது வேற.

ஸ்டீல் குண்டு வச்சிருக்கிறவங்க கழுவின கையோட எதனோல்ல அலசி ஓவன்ல காயவச்சு டெசிக்கேட்டருக்குள்ள (ஈரம் போகாத மூடின பாத்திரம்) வைங்க, நம்மட கடக்கரை உப்புக் காத்துக்கு வெளியில வச்சா துரு பிடிச்சிரும்.