அட்டை பீரோவுல, காசு கவுண்டர்ல

எங்க தெரு அண்ணன் ஒருத்தருக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு நெஞ்சுவலி, பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம், ஸ்டென்ட் வைக்கணும்னாங்க, அண்ணி தாலிச்செயின அடகு வெச்சு பணத்த கட்டிட்டு மூணாம் நாள்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய எடுத்து நீட்டுறாங்க. "மொதல்லயே சொல்லிருக்கணுமேம்மா"ன்னு கைய விரிச்சிட்டாங்க. அட்டை அதுவரைக்கும் பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில.

நம்ம ஆளுங்க அதிகமா பண்ற தப்பு இதான். மொதல்ல காசு கட்டிட்டு அப்புறம் பில்ல காட்டி திரும்ப வாங்கிக்கலாம்னு நெனைக்காதீங்க, இது அந்த மாதிரி பாலிசி இல்ல. அட்மிஷன் போடும்போதே அங்க இருக்குற காப்பீட்டு டெஸ்க்ல அட்டைய குடுங்க, அவங்க ரிப்போர்ட்ட அனுப்பி அப்ரூவல் வாங்குனாதான் பில்லு அரசாங்க கணக்குல போகும். அதுவும் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியா இருக்கணும், அந்த வைத்தியமும் லிஸ்ட்ல இருக்கணும். 1800 425 3993க்கு போன் போட்டா சொல்லிடுவாங்க, காசு ஆகாது. சளி காய்ச்சலுக்கு ஓபி பாத்து மாத்திரை வாங்குறதுக்கெல்லாம் இது வராதுங்க.

சிலர் இன்னும் 2009ல குடுத்த கலைஞர் காப்பீடு அட்டையவே வெச்சிருக்காங்க, 2012ல திட்டம் மாறிடுச்சு, அது இப்ப செல்லாது. இன்னும் சிலர் வருஷ வருமானம் 72,000 தாண்டுனா கெடைக்காதுன்னு அப்ளையே பண்ணல, அந்த வரம்பு 2022லயே 1,20,000 ஆயிடுச்சு. விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்கு போனா போதும். பிரீமியம் கவர்மென்ட் கட்டுது, நீங்க ஒத்த ரூபா குடுக்க வேணாம், வாங்கித்தரேன்னு எவனாவது ஐநூறு கேட்டா குடுத்துறாதீங்க.

இந்த திட்டத்துல வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வைத்தியச் செலவுங்கறது ஆளுக்கு இல்ல, மொத்த குடும்பத்துக்கும் சேத்துதான், அப்பாவுக்கு ஒரு பெரிய ஆபரேஷன் முடிஞ்சா மீதி எவ்ளோ இருக்குன்னு கேட்டு வெச்சுக்குங்க.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலதான் எல்லாம் ஃப்ரீயாச்சே, அங்க எதுக்கு அட்டைன்னு கேப்பாங்க. குடுங்க சார், அந்த க்ளெய்ம் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே போகுது.

அப்புறம் ரேஷன் கார்டு. புது மருமக, பொறந்த கொழந்தை பேரெல்லாம் அதுல ஏத்தாம விட்டா காப்பீட்டுலயும் வராது. பிரசவத்துக்கு போன பொண்ணு வீடு திரும்புன கையோட அந்த வேலைய முடிச்சிடுங்க.