ஜேட் வளையல் கையில இருக்கா? முதல்ல அது என்ன கல்லுன்னு பாத்துருங்க

எங்க சின்னம்மா சிங்கப்பூர்ல இருந்து வந்தப்போ எனக்கு ஒரு பச்சை ஜேட் வளையல் குடுத்தாங்க, அதை போட்டுக்கிட்டு காவேரிப்பட்டணத்துல எந்த விசேஷத்துக்கு போனாலும் "மரகதமா?"ன்னுதான் கேக்குறாங்க. இல்லைங்க, மரகதம் வேற ஜேட் வேற. புதனுக்கு மோதிரம் போடச் சொல்லி ஜேட்டையே மரகதம்னு வித்தா வாங்கிடாதீங்க.

ஜேட்னு நாம சொல்றதுலயே ரெண்டு கல்லு இருக்கு, ஜேடைட், நெஃப்ரைட். ரெண்டும் ஒண்ணுன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிருந்தாங்க, 1863ல அலெக்சிஸ் தமூர்னு ஒரு பிரெஞ்சுக்காரர்தான் வேற வேறன்னு பிரிச்சு காட்டினார். ஜேடைட்ல நல்ல பச்சை பெரும்பாலும் மியான்மர் கச்சின் மாநிலத்துல இருந்து வருது, விலையும் அதுக்குத்தான் ஜாஸ்தி. நெஃப்ரைட் உள்ளுக்குள்ள தேங்கா நாரை திரிச்ச கயிறு மாதிரி இழை இழையா பின்னிக்கிட்டு இருக்கும், அதனால லேசுல உடையாது. அந்தக் காலத்துல கோடாலியே செஞ்சிருக்காங்க அதுல.

இந்த ரெண்டும் இல்லாம "இந்தியன் ஜேட்"னு விக்கிறது அவென்ச்சுரின், "மலேசியன் ஜேட்"னு விக்கிறது சாயம் போட்ட குவார்ட்சைட், ரெண்டுமே குவார்ட்ஸ்ங்கற படிகக்கல் ஜாதிதான். அழகாதான் இருக்கும், வாங்குறதும் தப்பில்ல, ஆனா ஜேட் விலை குடுக்காதீங்க. லென்ஸ் வெச்சு பாத்தா அவென்ச்சுரின்ல சின்ன சின்ன மினுக்கு தெரியும், கண்ணாடின்னா குமிழி தெரியும், சாயம் போட்டதுன்னா விரிசல் இருக்கிற எடத்துல மட்டும் கலர் கோடு கோடா தங்கியிருக்கும். ஊசியால கீறி பாக்குறது வேண்டவே வேண்டாம், குவார்ட்ஸும் அதுல பாஸ் ஆயிடும், நல்ல கல்லுன்னா நமக்குத்தான் நஷ்டம்.

வீட்டுலயே பண்ணக்கூடிய நல்ல டெஸ்ட் தண்ணி டெஸ்ட்தான், ஆனா தங்கம் வெள்ளி எதுவும் சேராத முழு கல்லு வளையலா, மணியா இருக்கணும். கிராமுக்கு அப்புறம் பாயிண்ட் காட்டுற டிஜிட்டல் தராசுல வளையலை வெச்சு எடையை எழுதிக்கோங்க. அப்புறம் ஒரு அகலமான டப்பால தண்ணி ஊத்தி தராசு மேல வெச்சு ஜீரோ பண்ணிட்டு, வளையலை தையல் நூல்ல கட்டி முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயும் பக்கத்துலயும் படக்கூடாது, குமிழி ஒட்டியிருந்தா தட்டி விட்டுருங்க. இப்போ தராசு காட்டுற நம்பரால முதல் எடையை வகுத்தா முடிஞ்சுது. 3.3 கிட்ட வந்தா ஜேடைட், 2.95 கிட்ட வந்தா நெஃப்ரைட், 2.65ன்னா குவார்ட்ஸ் ஜாதி. என்னோடது 52 கிராம், தண்ணில 17.6 காட்டுச்சு, வகுத்தா 2.95. நெஃப்ரைட்! எனக்கு அன்னிக்கு அவ்ளோ சந்தோஷம். கண்ணாடில இந்த நம்பர் பல மாதிரி வரும்ங்கறதால லென்ஸ் பாக்குறதையும் விட்டுறாதீங்க.

ஜேடைட்னு வந்தாலும் அதோட முடியல. ஏ டைப்னா இயற்கையான கல்லு, மேல மெழுகு பாலிஷ் மட்டும். பி டைப்னா ஆசிட்ல போட்டு கறையை எடுத்துட்டு உள்ள பிளாஸ்டிக் மாதிரி ரெசின் ஏத்தினது, சி டைப்னா சாயம். ரெசின் ஏத்துனது நாளாக ஆக மஞ்சளாவும் மங்கலாவும் ஆயிடும். வீட்டு டெஸ்ட்ல இது நிச்சயமா தெரியாது, பெரிய காசு போடுறீங்கன்னா லேப் சர்டிஃபிகேட் இல்லாம வாங்காதீங்க.

இப்போ பராமரிப்பு. நம்ம பக்கம் கிரானைட் பட்டறை எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும், எங்க வீட்டுக்காரர் அங்கதான் வேலை பாக்குறார், சட்டையை உதறினாலே தூசிதான். அந்த தூசில குவார்ட்ஸ் இருக்கு, கீறல் தாங்குற கடினம் அதுக்கு 10க்கு 7. நெஃப்ரைட் 6லேர்ந்து 6.5, ஜேடைட் 6.5லேர்ந்து 7. அதனால தூசி படிஞ்ச வளையலை வறத்துணியால தேச்சீங்கன்னா பாலிஷ் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். முதல்ல தண்ணில அலசி, வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு மைல்டான சோப்பு விட்டு மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால கழுவுங்க. போர் தண்ணின்னா உப்பு வெள்ளையா படியும், கடைசியா ஒருதரம் ஆர்.ஓ. தண்ணிலயோ குடிக்கிற ஒகேனக்கல் தண்ணிலயோ அலசி ஒடனே ஈரத்தை ஒத்தி எடுத்துருங்க. புளி, எலுமிச்சம்பழம் போட்டு தேய்க்கிற பழக்கம் வெள்ளி பித்தளையோட இருக்கட்டும். மாங்கா சீசன்ல காய் அறுக்கும்போதும் கழட்டிடுங்க, அந்த பால் பட வேண்டாம்.

நகைக்கடைல கழுவவோ சைஸ் மாத்தவோ குடுக்குறதுலதான் ரொம்ப கவனம் வேணும். என்னோட ஜேட் பதிச்ச தங்க மோதிரத்தை சைஸ் பெருசாக்க ஒரு பட்டறைல குடுத்தேன், கல்லை கழட்டாமலே நெருப்பு ஊதி ஆசிட்லயும் போட்டுட்டாங்க, திரும்பி வந்தப்போ கல்லு மோர் மாதிரி வெளுத்துப்போய் இருந்துச்சு, இன்னும் மனசு ஆறல. கல்லை எடுத்துட்டுத்தான் நெருப்பு காட்டணும்னு வாயால சொல்லிட்டு, முடிஞ்சா பக்கத்துலயே உக்காந்துக்கோங்க. அல்ட்ராசோனிக் மெஷின்ல கழுவுறது, ஸ்டீம் அடிக்கிறது ரெண்டும் வேண்டாம்னும் சொல்லிடுங்க.

பீரோல மத்த நகையோட கொட்டி வெக்காம தனியா துணிப்பைல போடுங்க, வைரம் உரசினா கோடு விழுந்துரும். மணிமாலைன்னா நூல் தளர்ந்திருக்கான்னு அப்பப்ப இழுத்து பாருங்க, மணிக்கு மணி முடிச்சு போட்டு கோக்கச் சொல்லுங்க, அறுந்தாலும் ஒண்ணுதான் விழும்.

வளையல் கழட்டுறப்போ கட்டில்ல உக்காந்து, கையில சோப்பு நுரை தடவி, கட்டை விரலை உள்ள மடக்கிட்டு மெதுவா உருவுங்க. மொசைக் தரை மேல நின்னுக்கிட்டு மட்டும் கழட்டாதீங்க.