கொலுவைப் படம் எடுக்கிறீர்களா? ஃபிளாஷை ஆட்டோவில் விடாதீர்கள்

நேரில் அத்தனை அழகாக இருந்த கொலு, சின்ன டிஜிட்டல் கேமராவில் எடுத்ததும் வெளுத்துப்போய், பொம்மைகளின் கன்னத்தில் வெள்ளைத் திட்டுகளோடு, குத்துவிளக்கு எரிந்ததே தெரியாமல் வந்திருக்கும். ஃபிளாஷை ஆட்டோவில் விட்டுவிடுவதால்தான் இப்படி. போடலாமா வேண்டாமா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கேமராவின் பின்பக்கப் பொத்தான்களில் மின்னல் அடையாளத்தைத் தேடுங்கள். அதை அழுத்தினால் திரையில் வரிசையாகச் சில அடையாளங்கள் வரும். வெறும் மின்னல் என்றால் கட்டாயம் அடிக்கும், மின்னலுக்குக் குறுக்கே கோடு என்றால் அடிக்காது, கண் படம் இருந்தால் செங்கண்ணை, அதாவது படத்தில் கண் சிவப்பாக வருவதைக் குறைப்பதற்கு. முழு ஆட்டோவில் எல்லாம் வராவிட்டால் 'P' (புரோகிராம்) முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

சரி, கொலுவை மட்டும் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கேமராவை ஒரு ஸ்டூலின் மேல் வைத்து, 2 விநாடி டைமர் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் திரை) அரை விநாடி, ஒரு விநாடி திறந்திருந்தாலும் பொம்மைகள் அசையப் போவதில்லை, விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் அப்படியே கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த கொலுப் படங்கள் எல்லாம் இப்படி எடுத்தவைதான்.

அப்புறம் குழந்தைகள் படிக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். அவர்கள் அசைவார்கள், அதனால் ஃபிளாஷ் வேண்டும், ஆனால் விளக்கு வெளிச்சமும் வேண்டும். இதற்குத்தான் 'ஸ்லோ' ஃபிளாஷ், சில கேமராக்களில் நிலவோடு ஆள் இருக்கும் படம். ஃபிளாஷ் முகத்தைப் பிடித்துக்கொள்ளும், ஷட்டர் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருந்து பின்னால் உள்ள வெளிச்சத்தை வாங்கும். வெளிச்சம் அடித்த பிறகும் ஒரு நொடி அசையாமல் இருக்கச் சொல்லுங்கள்.

தூரம்தான் எல்லோரும் கோட்டை விடும் இடம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசிதான் போய்ச் சேரும், அதாவது 2 மீட்டரில் நன்றாகத் தெரியும் முகம் 4 மீட்டரில் இருட்டாகிவிடும். ஜூம் செய்தால் லென்ஸ் உள்ளே வாங்கும் வெளிச்சமும் பெரும்பாலும் குறையும் என்பதால், ஜூம் செய்யாமல் நாலு அடி முன்னால் போங்கள். சொந்தக்காரர்கள் எல்லோரையும் எடுக்கும்போது ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினால் முன்வரிசை வெளுக்கும், பின்வரிசை கறுக்கும். கேமராவிலிருந்து எல்லோரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கட்டும். ரொம்பப் பக்கத்தில் எடுக்க வேண்டியிருந்தால் ஃபிளாஷின் மேல் ஒரு மடிப்பு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள், வெளிச்சம் மிருதுவாகும்.

கண்ணாடி போட்ட சாமி படம், பித்தளை விளக்கு, பளபளக்கும் பெயின்ட் இருந்தால் ஃபிளாஷ் வெளிச்சம் அதில் பட்டு நேராகத் திரும்பி வராதபடி, நேருக்கு நேர் நிற்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி நில்லுங்கள்.

செங்கண் வருவது, லென்ஸுக்கு ஒட்டியே ஃபிளாஷ் இருப்பதால், விரிந்த கண்மணி வழியாக விழித்திரையின் இரத்த நிறம் திரும்பி வருவதுதான். அறையில் எல்லா விளக்கையும் போட்டாலே கண்மணி சுருங்கிச் செங்கண் குறைந்துவிடும்.

பகலில் வாசலில் நிற்கும் ஆளை உள்ளேயிருந்து எடுத்தால் முகம் கறுத்துவிடும், அங்கே ஃபிளாஷைக் கட்டாயம் போடுங்கள். வெயிலில் எதற்கு என்று தோன்றும், ஒரு தடவை போட்டும் போடாமலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஃபிளாஷ் சார்ஜ் ஆகச் சில விநாடி விடுங்கள், பிடித்திருக்கும் விரல் ஃபிளாஷை மறைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.